தின்னர் போதையில் நடந்த குற்றம்: மலையகப் பெற்றோர் என்னிடம் கேட்கும் கேள்விகள்

நான் மலையக நகரமொன்றின் நீதவான் நீதிமன்றத்தில் வழக்குப் பேசும் சட்டத்தரணி. கசிப்பு, கஞ்சா, ஐஸ் என்று போதையைப் பற்றி எல்லா மேடையிலும் பேசுகிறார்கள். பெயின்ட் தின்னர், டயர் ஒட்டுகிற சொலூசன், பெட்ரோல் இவற்றை முகர்ந்துவிட்டு ஏதோ செய்துவிட்ட பையன்களைப் பற்றிப் பேச்சே இல்லை. அவர்களுடைய தாய்மார்தான் கொழுந்துக் கூடையை இறக்கிவைத்துவிட்டு, அரை நாள் பேர் (கூலி) போய் என் வாசலில் வந்து நிற்கிறார்கள். அவர்கள் கேட்டதையும் நான் சொன்னதையும் இங்கே எழுதுகிறேன். எல்லாம் இலங்கைச் சட்டம்தான். வெளிநாட்டு வழக்கு வருகிற இடத்தில் எந்த நாடு என்று சொல்லியிருக்கிறேன்.

தின்னர் முகர்வதே குற்றமா, மிஸ்?

முகர்ந்ததற்காக மட்டும் வழக்குப் போட ஒரு பிரிவு இல்லை. ஹெரோயின், கஞ்சா, ஐஸ் எல்லாம் 1929ஆம் ஆண்டின் நஞ்சு, அபின், அபாயகர ஒளடதங்கள் கட்டளைச் சட்டத்துக்குள் வருகின்றன. தின்னரும் சொலூசனும் ஹார்ட்வெயார் கடைச் சாமான்கள். வைத்திருப்பதும் வாங்குவதும் குற்றமாகாது.

ஆனால் போதையோடு பஸ் நிலையத்திலோ கோயில் வாசலிலோ நின்று மற்றவர்களுக்குத் தொல்லை கொடுத்தால் அது தண்டனைச் சட்டக்கோவையில் ஒரு சிறு குற்றம். அந்தப் பிரிவு கேட்பது 'போதை நிலை'யைத்தான். எந்தப் போத்தலில் இருந்து வந்த போதை என்று அது கேட்கவில்லை.

"அவன் தன்னிலையில் இல்லை" என்று சொன்னால் விட்டுவிடுவார்களா?

நூற்றுக்குத் தொண்ணூறு தாய்மார் கேட்கிற முதல் கேள்வி இதுதான். விடமாட்டார்கள். ஏன் என்பதைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்க வேண்டும்.

தண்டனைச் சட்டக்கோவை 1883ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. அதில் 78, 79 என்று அடுத்தடுத்து இரண்டு பிரிவுகள் போதையைப் பற்றியவை. 78 சொல்வது இது: போதையினால் தான் என்ன செய்கிறோம் என்றோ, செய்வது பிழை என்றோ அறிய முடியாத நிலையில் ஒருவர் செய்த செயல் குற்றமாகாது. இதோடு நிறுத்திவிட்டுச் சந்தோஷப்படுகிறவர்கள் உண்டு. வசனத்தின் பின்பாதியில்தான் விஷயம் இருக்கிறது. அந்தப் பொருள் அவருக்குத் தெரியாமல், அல்லது அவருடைய விருப்பத்துக்கு மாறாகக் கொடுக்கப்பட்டிருக்க வேண்டும்.

தானே டின்னைத் திறந்து, தானே முகர்ந்தவனுக்கு 78 உதவாது. அவன் 79க்குத்தான் போகிறான்.

அந்த 79 என்ன சொல்கிறது?

சில குற்றங்களுக்கு ஒரு குறிப்பிட்ட அறிவோ எண்ணமோ இருக்க வேண்டும். அப்படியான செயலை ஒருவன் போதையில் செய்தால், போதை இல்லாதிருந்தால் அவனுக்கு என்ன அறிவு இருந்திருக்குமோ அதே அறிவு அவனுக்கு இருந்ததாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும். இதுதான் 79இன் சாரம்.

இதை நான் எத்தனை தடவை படித்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. கவனித்துப் பாருங்கள். ஆரம்பத்தில் 'அறிவோ எண்ணமோ' என்று இரண்டு சொல் வருகிறது. முடிவில் 'அதே அறிவு' என்று ஒன்றுதான் வருகிறது. எண்ணம் காணாமல் போய்விடுகிறது. அதை எழுதியவர்கள் தெரிந்தே அப்படி எழுதினார்கள் என்றுதான் நீதிமன்றங்கள் எடுத்துக்கொள்கின்றன. அதாவது, 'உனக்குத் தெரிந்திருந்தது' என்று சட்டம் அவன் தலையில் ஏற்றிவிடும். 'நீ அதைத்தான் செய்ய நினைத்தாய்' என்று தானாக ஏற்றிவிடாது. அதை நடந்தவற்றை வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

ஒரு உதாரணம் வைத்துக்கொள்வோம். லயத்து வாசலில் இரண்டு பையன்கள் சண்டை. ஒருவன் தின்னர் முகர்ந்திருக்கிறான். பக்கத்தில் கிடந்த கவாத்துக் கத்தியை எடுத்து வீசுகிறான். மற்றவனுக்குக் கழுத்தில் பட்டு உயிர் போகிறது. கவாத்துக் கத்தி கழுத்தில் பட்டால் ஆள் செத்துப்போகலாம் என்பது நிதானத்தில் இருக்கிற எவருக்கும் தெரியும். அதனால் இவனுக்கும் தெரிந்ததாகவே வைக்கப்படும். கொல்ல வேண்டும் என்றே வீசினானா? அதற்கு வேறு கேள்விகள் கேட்க வேண்டும். கத்தி கையருகே கிடந்ததா, வீட்டுக்குள் போய்த் தேடி எடுத்து வந்தானா? பெயர் சொல்லிக் கூப்பிட்டானா? ஒரு வீச்சா, நாலு வீச்சா? வெட்டிய பிறகு கத்தியை வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தானா, கானுக்குள் எறிந்துவிட்டு ஓடினானா? ஒளிக்கத் தெரிந்தவனுக்கு யோசிக்கவும் தெரிந்திருக்கிறது என்றுதான் நீதிமன்றம் பார்க்கும்.

2024 வரை நடைமுறையில் இருந்த இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 86ஆம் பிரிவு நம் 79இன் இரட்டைப் பிள்ளை. 1956இல் இந்திய உச்ச நீதிமன்றம் பஸ்தேவ் என்ற ஓய்வுபெற்ற இராணுவ ஜமேதார் ஒருவரின் வழக்கில் அந்தப் பிரிவைத் தீர விளக்கியது. கலியாண வீட்டில் நல்ல குடி. உட்கார இடம் வேண்டுமென்று ஒரு பையனைத் தள்ளிப் போகச் சொன்னார். அவன் நகரவில்லை. கைத்துப்பாக்கியை எடுத்து வயிற்றில் சுட்டார், பையன் இறந்தான். தள்ளாடினார், உளறினார் என்று சாட்சிகள் சொன்னார்கள். ஆனால் அவர் தானாக நடந்து வந்திருக்கிறார், இடம் பார்த்திருக்கிறார், சுட்ட பிறகு தப்பி ஓடப் பார்த்திருக்கிறார், பிடித்தவுடன் மன்னிப்புக் கேட்டிருக்கிறார். எண்ணம் இல்லை என்று சொல்லுமளவுக்குப் புத்தி மங்கவில்லை என்று கொலைக் குற்றத்தீர்ப்பையே நிலைநிறுத்தினார்கள். இலங்கை நீதிமன்றத்தை அந்தத் தீர்ப்பு கட்டுப்படுத்தாது. ஆனால் சிந்திக்கிற வழி இங்கேயும் அதுவே.

அறிவு, எண்ணம் என்று பிரித்தால் தண்டனையில் என்ன வித்தியாசம்?

ஒரு உயிர் போன வழக்கில் பெரிய வித்தியாசம். கொலைக்கு 296ஆம் பிரிவின்கீழ் மரண தண்டனை. 1976க்குப் பிறகு இலங்கையில் யாரையும் தூக்கிலிடவில்லை. ஆனாலும் தீர்ப்பு அப்படித்தான் வாசிக்கப்படும், வாழ்க்கை சிறைக்குள் போகும். எண்ணம் நிரூபிக்கப்படாமல் அறிவு மட்டும் நின்றால் 297க்கு இறங்கலாம். அதாவது பேச்சில் கைமோசக் கொலை என்கிறோமே, அது. அறிவு மட்டும் உள்ள நிலையில் அதிகபட்சம் 10 வருடம். கட்டாயம் இறங்கும் என்று யாருக்கும் நான் சொல்வதில்லை. மிகக் கடுமையான அபாயம் என்று அறிந்தே செய்த செயலும் கொலையாகிற ஒரு வகை 294ஆம் பிரிவிலேயே இருக்கிறது.

அடிதடி வழக்குகளில் இந்த வாதமே எடுபடாது. காயம் ஏற்படுத்துவதற்கு எண்ணம் வேண்டும், அல்லது காயம் ஏற்படும் என்ற அறிவு இருந்தால் போதும் என்று சட்டம் சொல்கிறது. அறிவு ஏற்கனவே ஏற்றப்பட்டுவிட்டதே. கண்ணாடி உடைத்தது, கதவை உதைத்தது போன்ற சொத்துச் சேத வழக்கிலும் அப்படித்தான்.

களவு வேறு. அதற்கு நேர்மையற்ற எண்ணம் வேண்டும். போதையில் அடுத்தவன் செருப்பைப் போட்டுக்கொண்டு வந்தவனுக்காக நான் பேச முடியும். அடுத்த வீட்டு கேஸ் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு போய், கடையில் விலை பேசி விற்றவனுக்காக "எண்ணமே இல்லை" என்று பேச என் வாய் வராது.

"கூட்டாளிகள் வற்புறுத்தினார்கள்" என்கிறான். அது விருப்பத்துக்கு மாறானது இல்லையா?

கேலி, வற்புறுத்தல், "நீ ஆம்பிளையா?" என்ற பேச்சு, இதெல்லாம் 78க்குப் போதாது. கையைக் காலைப் பிடித்து மூக்கில் துணியை அமுக்கியிருந்தால் அது போதும். தண்ணீரில் எதையோ கலந்து தெரியாமல் கொடுத்திருந்தாலும் போதும். அப்படிச் செய்தவன்மேல் தனி வழக்கும் வரும்.

இன்னொரு கேள்வி எனக்கு மனதில் நிற்கிறது. கொழும்பில் பெயின்ட் வேலைக்குப் போன ஒரு பையனின் அப்பா கேட்டது. ஜன்னல் சாத்திய அறையில் நாள் முழுக்க தின்னர் வாசத்தில் வேலை செய்து, தலை கிறுகிறுத்து, அந்த நிலையில் ஒருவரை அடித்துவிட்டால்? அவன் போதைக்காக முகரவில்லை, அப்படி ஆகும் என்று அவனுக்குத் தெரியவும் தெரியாது. பிரிவில் இருக்கிற சொல் 'கொடுக்கப்பட்ட' என்பது. அந்த அறையில் யாரும் எதையும் கொடுக்கவில்லை. அப்படி ஒருவன் வந்தால் 78 அவனுக்கும் பொருந்தும் என்றுதான் நான் வாதாடுவேன். தெரியாமல் மூச்சில் போனதும் தெரியாமல் கொடுத்ததும் அவனைப் பொறுத்தவரை ஒன்றுதான்.

போதையில் இருந்தான் என்று யார் நிரூபிக்க வேண்டும்?

78இன்கீழ் விடுதலை கேட்டால் எதிரிதான், அதாவது குற்றம் சாட்டப்பட்டவன்தான், நிரூபிக்க வேண்டும். சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 105ஆம் பிரிவு அந்தப் பாரத்தை அவன்மேல் வைக்கிறது. அரச தரப்பைப் போல நியாயமான சந்தேகத்துக்கு அப்பால் என்று இல்லை, 'இப்படி நடந்திருக்கவே வாய்ப்பு அதிகம்' என்ற அளவுக்குக் காட்டினால் போதும்.

தின்னர் வழக்கில் அதுவே பெரும்பாடு. சாராயம் குடித்தவனை மணத்தியாலங்கள் கழித்தும் ஊதச் சொல்லிக் கண்டுபிடிக்கலாம். தின்னரிலும் சொலூசனிலும் உள்ள டொலுயீன் போன்ற இரசாயனங்களின் கிறக்கம் சில நிமிடங்களிலிருந்து ஒரு மணித்தியாலத்துக்குள் இறங்கிவிடும். இரத்தத்தில் உள்ள அளவும் வேகமாகக் குறையும். பொலிஸ் வந்து, வாக்குமூலம் எழுதி, சட்ட வைத்திய அதிகாரியிடம் கொண்டுபோய்ச் சேர்க்கும்போது பையன் தெளிந்து நிற்பான். அதனால் சின்னச் சின்ன அடையாளங்கள்தான் மிஞ்சும். வாயையும் மூக்கையும் சுற்றிப் புண், விரலிடுக்கில் காய்ந்த பசை, உடுப்பில் வாசம், சுருட்டி எறிந்த பொலித்தீன் பை.

ஒரு அம்மா, மகன் அன்று போட்டிருந்த சேர்ட்டை மடித்து ஷொப்பிங் பேக்கில் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். எடுத்து முகர்ந்தேன். சன்லைட் சவர்க்காரம் மணந்தது. "அந்த நாத்தத்தோட எப்படி மிஸ் உங்ககிட்ட கொண்டாருவேன்? பீலியடியில ரெண்டு தடவ கசக்கிப் போட்டேன்" என்றார். அந்த நாற்றம்தான் எங்களிடம் இருந்திருக்கக்கூடிய ஒரே சாட்சி. அவரை ஒரு வார்த்தை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தயவுசெய்து துவைக்காதீர்கள். பையையும் எரிக்காதீர்கள். காற்றுப் புகாமல் இறுக்கி மூடக்கூடிய கண்ணாடிப் போத்தலில் போட்டு வைத்துவிட்டு உங்கள் சட்டத்தரணியிடம் சொல்லுங்கள்.

வாக்குமூலத்தில் என்ன கவனிக்க வேண்டும்?

மொழியை. எங்கள் பக்கத்தில் எத்தனையோ வாக்குமூலங்கள் இன்னும் சிங்களத்தில் எழுதப்படுகின்றன. ஒரு பையனின் வாக்குமூலத்தில் 'பீமத்' என்று இருந்தது. குடிவெறி என்று அர்த்தம். அவன் வாழ்நாளில் சாராயம் தொட்டதில்லை. தின்னர் முகர்ந்தேன் என்றுதான் சொல்லியிருக்கிறான். எழுதியவருக்கு உடனே வந்த சொல் அது, அவ்வளவுதான். வாசிக்கத் தெரியாத பையன் கையெழுத்துப் போட்டுவிட்டான். பிறகு வைத்திய அறிக்கையில் மது வாசம் இல்லை என்று வந்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பையன் பொய் சொன்னதுபோல் ஆகிவிட்டது.

தமிழில் சொன்னதைத் தமிழில் எழுதச் சொல்லிக் கேட்கலாம். தமிழும் இந்த நாட்டின் அரசகரும மொழி. அது நடக்கவில்லையென்றால், எழுதியதைத் தமிழில் சொல்லச் சொல்லிக் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். நீதிமன்றத்தில் உரைபெயர்ப்பாளர் கேட்பது உரிமை. அப்புறம் ஒன்று: பொலிஸாரிடம் கொடுத்த குற்ற ஒப்புதல் எதிரிக்கு எதிராகச் சாட்சியமாகாது. "சொல்லித் தொலைத்துவிட்டானே, இனி முடிந்தது" என்று உடைந்துபோக வேண்டாம்.

மகனுக்குப் பதின்மூன்று வயதுதான்.

பன்னிரண்டு வயதுக்குக் கீழ் என்றால் குற்றமே இல்லை. முன்பு இந்த எல்லை எட்டு வயதாக இருந்தது, 2018ஆம் ஆண்டுத் திருத்தத்தில் உயர்த்தினார்கள். பன்னிரண்டுக்கும் பதினான்குக்கும் இடையில் என்றால், தான் செய்ததன் தன்மையையும் விளைவையும் விளங்கிக்கொள்ளுமளவுக்குப் பிள்ளைக்கு முதிர்ச்சி உண்டா என்று பார்க்க வேண்டும். இல்லையென்றால் குற்றமில்லை.

அந்த முதிர்ச்சியைப் பேசும்போது பிள்ளையின் கதை முழுக்க முன்னால் வைக்கப்பட வேண்டும். எந்த வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றது, அம்மா மத்திய கிழக்கில் எத்தனை வருடம், பிள்ளை யாரோடு வளர்ந்தது, இதெல்லாம். நன்னடத்தை அதிகாரியிடம் இதை மறைக்காதீர்கள். குடும்ப மானம் போய்விடும் என்று மறைத்து, கடைசியில் ஊதாரிப் பிள்ளை என்ற ஒரு வரியோடு அறிக்கை போனதைப் பார்த்து நான் மனம் நொந்திருக்கிறேன்.

பல வருடமாக முகர்ந்து மூளையே கெட்டுப்போனவனுக்கும் இதே சட்டமா?

இல்லை. அன்றைய கிறக்கம் வேறு, நிரந்தரச் சேதம் வேறு. நெடுநாள் முகர்ந்தால் டொலுயீன் மூளையின் வெள்ளைப் பகுதியைக் கெடுக்கும். நடை தள்ளாடும், ஞாபகம் போகும், காது மந்தமாகும். முகராத நாளிலும் அப்படி இருப்பவனுக்கு 77ஆம் பிரிவு, அதாவது சித்த சுவாதீனமின்மை பற்றிய பிரிவு, திறந்திருக்கிறது. அதற்கு மனநல வைத்தியரின் அறிக்கை வேண்டும், முன்பே கிளினிக் போன துண்டுகள் இருந்தால் நல்லது. கிளினிக் கொப்பியைத் தொலைக்காதீர்கள்.

"தின்னர்காரன்" என்று கேலி செய்ததால்தான் அடித்தான். அது எடுபடுமா?

இங்கிலாந்தில் இதே கேள்வி அந்நாட்டின் அதியுயர் நீதிமன்றம் வரை போனது. மோர்ஹோல் என்பவர் பசை முகரும் பழக்கத்துக்கு அடிமை. அதைச் சொல்லி ஒருவர் திரும்பத் திரும்ப இடித்துரைக்க, கைகலப்பாகி அவரைக் குத்திக் கொன்றுவிட்டார். அப்போது அங்கே அதியுயர் நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை 1995இல் சொன்னது: அந்தக் கேலி இவரை எவ்வளவு சுட்டிருக்கும் என்று பார்க்கும்போது இவர் அடிமைப்பட்டவர் என்பதைக் கணக்கில் எடுக்கலாம். ஆனால் அந்த நேரம் போதையில் இருந்தார், அதனால் சீக்கிரம் கோபம் வந்தது என்பதைக் கணக்கில் எடுக்கக் கூடாது. கொலைத் தீர்ப்பு கைமோசக் கொலையாகக் குறைந்தது. நம் சட்டத்திலும் கடுமையான திடீர் ஆத்திரமூட்டல் கொலையைக் குறைக்கும். இந்தப் பிரிப்பு இங்கேயும் நியாயமானது என்பது என் அபிப்பிராயம். ஆனால் ஒரு சொல்லுக்காகக் கத்தி எடுத்தவனுக்கு இது லேசில் கிடைக்காது.

தின்னர் போதையில் ஓட்டோ ஓட்டினால்?

மோட்டார் வாகனச் சட்டத்தின் 151ஆம் பிரிவு மதுவை மட்டுமல்ல, போதைமருந்தையும் சொல்கிறது. ஊதுகிற பலூனில் தின்னர் காட்டாது, அதை நம்பி வண்டியை எடுக்காதீர்கள். வைத்தியரிடம் கொண்டுபோகலாம். பசை முகர்ந்து ஓட்டியவரின் வழக்கில் டொலுயீனும் 'மருந்து' என்ற சொல்லுக்குள் அடங்கும் என்று இங்கிலாந்து நீதிமன்றம் 1983இலேயே சொல்லிவிட்டது. எங்கள் வளைவுகளில் நிதானமாக ஓட்டுகிறவனே வேர்த்துப்போகிறான்.

விற்ற கடைக்காரரை ஒன்றும் செய்ய முடியாதா?

இதைக் கேட்கும்போது தாய்மாரின் குரலில் வருகிற கோபம் எனக்கும் உண்டு. 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் 21 வயதுக்குக் குறைந்தவர்களுக்குப் புகையிலையும் மதுவும் விற்பதைத் தடுக்கிறது. தின்னர் அதற்குள் வராது. இங்கிலாந்தில் 1985இல் இதற்கென்றே சட்டம் கொண்டுவந்தார்கள். முகரத்தான் வாங்குகிறான் என்று தெரிந்தும் 18க்குக் குறைந்தவனுக்கு விற்றால் குற்றம் என்று அந்தச் சட்டம் சொன்னது. அதற்கு முன்பே ஸ்கொட்லாந்தில், பசையையும் முகர்வதற்கான பைகளையும் சேர்த்துப் பிள்ளைகளுக்கு விற்ற கிளாஸ்கோ கடைக்காரர்கள்மேல் பொதுச் சட்டத்தின்கீழ் வழக்குப் போட்டார்கள். அது செல்லும் என்று 1983இல் நீதிமன்றம் ஏற்றது.

நமக்கும் அப்படி ஒரு சட்டம் வேண்டும். பத்துப் பேரின் கையெழுத்தோடு பிரதேச செயலாளரிடம் கொடுக்கிற ஒரு கடிதம் இன்றைக்கே செய்யக்கூடியது. பிள்ளைக்கு விற்பதைக் கண்டால் 1929 என்ற தொலைபேசி இலக்கத்தில் சிறுவர் பாதுகாப்பு அதிகார சபைக்குத் தமிழிலேயே சொல்லுங்கள்.

தோட்டத்துக்குள்ளேயே பேசி முடித்துக்கொள்ளலாமா?

சின்னக் காயம், சின்னச் சேதம் என்றால் சமாதானமாகப் போக சட்டமே இடம் தருகிறது. மத்தியஸ்த சபை இருப்பது அதற்குத்தான். தோட்டத் தலைவர் முன்னால் பேசி, எழுதி, இரண்டு பக்கமும் ஒத்துக்கொண்டால் நல்லது. கடுங்காயம், பாலியல் குற்றம், உயிர்ச்சேதம் ஆகியவற்றைத் தலைவராலோ துரையாலோ மூடிவைக்க முடியாது. மூடிவைக்கப் போனவர்களும் வழக்குக்குள் வருவார்கள்.

போதையில் கத்தியோடு வருகிறான். நாங்கள் என்ன செய்வது?

உங்களைக் காத்துக்கொள்ளும் உரிமை போதையில் இருப்பவனுக்கு எதிராகவும் அப்படியே உண்டு. அவனைச் சட்டம் தண்டிக்குமோ இல்லையோ, உங்கள் உரிமை குறையாது. தேவையான அளவுக்கு மட்டும். கத்தி கையைவிட்டு விழுந்த பிறகு, பத்துப் பேர் சேர்ந்து அடிப்பது தற்காப்பில் வராது.

கத்தியோ கல்லோ இல்லாமல், பீலிக்கரையில் முகர்ந்துகொண்டு உட்கார்ந்திருக்கிற பையனைக் கண்டால் கத்தாதீர்கள், துரத்தாதீர்கள். முகர்ந்திருக்கும்போது இதயம் சாதாரண நிலையில் இருக்காது. திடீரென்று பயந்தாலோ ஓடினாலோ துடிப்புத் தாறுமாறாகி அந்த இடத்திலேயே நின்றுவிடலாம். முதல் தடவை முகர்ந்தவனுக்கும் இது நடக்கும். மெதுவாகப் பக்கத்தில் போய், பையை வாங்கி அப்பால் வைத்து, காற்றோட்டத்தில் உட்கார வையுங்கள். நினைவு தப்பினால் ஒருக்களித்துப் படுக்க வைத்து 1990 என்ற அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அழையுங்கள். எதை முகர்ந்தான் என்று வைத்தியரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

சட்டத்தரணிக்குக் கொடுக்கப் பணம் இல்லை, மிஸ்.

சட்ட உதவி ஆணைக்குழுவின் கிளைகள் நீதிமன்றங்களை ஒட்டியே இருக்கின்றன. வருமானம் குறைந்தவர்களுக்காகவே 1978ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைக்கப்பட்டது. சம்பளத் துண்டு, அடையாள அட்டை, கிராம சேவகரின் கடிதம், பொலிஸ் கொடுத்த துண்டு ஏதும் இருந்தால் அது, இவற்றை எடுத்துக்கொண்டு காலையிலேயே போங்கள். கைது செய்யப்பட்டவரை 24 மணித்தியாலத்துக்குள் நீதவான் முன் கொண்டுவர வேண்டும் என்பதால், அடுத்த சம்பளம் வரட்டும் என்று காத்திருக்க நேரமில்லை. துவைக்காத சேர்ட்டையும் மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள்.